டிராஃப்ட்ல 6ல இருந்து 1க்கு ஏறணும், 11ஆவது பிக்கைக் கேக்கறாங்க. கொடுக்கலாமா?

சத்துவாச்சாரி செவன்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம வேலூர் செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர் இறங்கற) ஃபுட்பால் லீகுக்கு டிராஃப்ட், அதாவது டீம்கள் முறை வெச்சு ஆளெடுக்கறது. 8 டீம், டீமுக்கு 10 பேர். கேப்டனும் தக்கவெச்ச ஒருத்தரும் போக மீதி 8 பேரை டிராஃப்ட்ல எடுக்கணும். லிஸ்ட்ல 80 பேர் இருக்காங்க, போகப்போறது 64 பேர். வரிசை பாம்பு மாதிரி வளைஞ்சு வரும்: முதல் ரவுண்டு 1ல இருந்து 8, ரெண்டாவது ரவுண்டு 8ல இருந்து 1, இப்படியே கடைசி வரைக்கும்.

சீட்டு குலுக்கினதுல எங்களுக்கு 6 விழுந்துச்சு. அப்போ எங்க பிக், அதாவது ஆளெடுக்கற முறை, 6, 11, 22, 27, 38, 43, 54, 59. முதல் சீட்டு எடுத்த டீமுக்கு 1, 16, 17, 32, 33, 48, 49, 64.

அவங்களே வந்து கேட்டாங்க: 1ஐயும் 32ஐயும் தர்றோம், 6ஐயும் 11ஐயும் கொடுங்கன்னு. லிஸ்ட்ல ஒரு இடதுகால் ஃபார்வர்டு இருக்கார். அவருக்கும் அடுத்த ஆளுக்கும் நல்ல இடைவெளி இருக்கு, அதுல யாருக்கும் சந்தேகமில்ல. 1 கையில இருந்தா அவர் எங்களுக்குத்தான். எங்க கேப்டன் நடுக்களம், தக்கவெச்சவர் டிஃபென்ஸ். சனிக்கிழமை ராத்திரிக்குள்ள பதில் சொல்லணும். ஏறலாமா, இருக்கற இடத்துலயே இருக்கலாமா?

பாலாறு பத்து:

ஒத்துக்கோங்க தம்பி. அமெரிக்காவுல என்எஃப்எல்னு ஹெல்மெட் போட்டு ஆடற ஃபுட்பால் இருக்கே, அங்க ஒவ்வொரு பிக்குக்கும் விலைப்பட்டியலே உண்டு. 1990களோட ஆரம்பத்துல டல்லஸ் கௌபாய்ஸ் டீமுக்கு ஜிம்மி ஜான்சன் கோச்சா இருந்தப்போ போட்டது. அதுல 1க்கு 3000 புள்ளி, 6க்கு 1600, 11க்கு 1250, 32க்கு 590. நீங்க கொடுக்கறது 2850, வாங்கறது 3590. 740 புள்ளி லாபம். அந்தப் பட்டியல்ல 740ங்கறது 24ஆவது பிக்கோட முழு விலை. அதைச் சும்மா தர்றாங்க.

ஏறி ஜெயிச்சவங்களும் இருக்காங்க. 2011ல அட்லாண்டா ஃபால்கன்ஸ் 27ல இருந்து 6க்கு ஏறி ஜூலியோ ஜோன்ஸை எடுத்தாங்க. அதுக்காக அந்த வருஷத்து 27, 59, 124, அடுத்த வருஷத்து முதல் ரவுண்டு, நாலாவது ரவுண்டுன்னு அஞ்சு பிக்கைக் கொடுத்தாங்க. அவர் வருஷக்கணக்கா அந்த டீமைத் தூக்கி நிறுத்தினார். 2018ல பஃபலோ பில்ஸ் 12ல இருந்து 7க்கு வந்து ஜோஷ் ஆலனை எடுத்ததும் அப்படித்தான். ஒரே ஒரு ஆள் தனியா தெரியறார்னா விலையைப் பாக்காம போகணும்.

கோட்டை அகழி:

பட்டியலில் உள்ள எண்கள் சரி. அதை இங்கே கொண்டுவந்து வைப்பதுதான் தவறு. அது 32 டீம்கள் எடுக்கும் டிராஃப்டுக்குப் போட்ட விலை. அங்கே 32ஆவது பிக் என்றால் இன்னும் முதல் ரவுண்டு. நாட்டிலேயே தலைசிறந்த 32 கல்லூரி ஆட்டக்காரர்களில் ஒருவர் கிடைப்பார். உங்கள் லீகில் 32ஆவது பிக் என்றால் 80 பேரில் பாதி நல்லவர்கள் போன பிறகு வரும் ஆள். 590 என்ற விலை அவருக்குப் பொருந்தாது. உங்களுக்குக் காட்டும் 740 லாபத்தில் பெரும்பங்கு அந்த 590தான்.

அந்தப் பட்டியல் அமெரிக்காவிலேயே மேலிடங்களுக்கு அளவுக்கு மீறி விலை வைக்கிறது என்று கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் இருவரும் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். தேலர் 2017இல் பொருளியல் நோபல் பெற்றவர். ஒரே பொசிஷனில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர்தான் சிறப்பாக வருவார் என்பதற்கான வாய்ப்பு, நூற்றுக்கு ஐம்பதைவிடச் சற்றே அதிகம். அவ்வளவுதான். எடுப்பவர்களுக்குத் தங்கள் கண்மேல் இருக்கும் நம்பிக்கை, உண்மையில் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரியது.

ஜூலியோ ஜோன்ஸைச் சொன்னீர்கள். மறுபக்கத்தையும் வைக்க வேண்டும். 2012இல் வாஷிங்டன் 6லிருந்து 2க்கு ஏறியது. விலை: அந்த ஆண்டின் 6, 39, அதற்குமேல் 2013, 2014 இரண்டு ஆண்டுகளின் முதல் ரவுண்டு பிக்குகள். எடுத்தது ராபர்ட் கிரிஃபின். முதல் சீசன் அபாரம், அதன் முடிவிலேயே முழங்கால் போனது, பழைய ஆட்டம் திரும்பவில்லை. அதே டிராஃப்டில் 75ஆவதாக ரஸ்ஸல் வில்சன் சியாட்டிலுக்குப் போனார். 2021இல் சான் ஃபிரான்சிஸ்கோ மூன்று முதல் ரவுண்டு பிக்குகளும் ஒரு மூன்றாவது ரவுண்டு பிக்கும் கொடுத்து 12லிருந்து 3க்கு ஏறி ட்ரே லான்ஸை எடுத்தது. 2023இல் ஒரு நாலாவது ரவுண்டு பிக்குக்கு அவரை டல்லஸுக்கு விட்டது. அவர்களுக்குக் கைகொடுத்தவர் 2022 டிராஃப்டின் கடைசிப் பிக், 262ஆவது ஆள், பிராக் பர்டி.

ஏறவே கூடாது என்பதல்ல. உங்கள் 80 பேருக்கு உங்கள் சொந்த விலைப்பட்டியல் வேண்டும். ஒரு மணி நேர வேலை. டீமில் மூன்று பேர் தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், ஒவ்வொருவருக்கும் 100க்கு மார்க் போடுங்கள். மூன்றின் சராசரியை எடுத்து மேலிருந்து கீழாக அடுக்குங்கள். 64 பேர் போன பிறகு 65ஆவதாக நிற்பவர் யாருக்கும் சும்மா கிடைக்கும் ஆள். அவர் மார்க்கை எல்லோருடைய மார்க்கிலிருந்தும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் அந்தப் பிக்கின் மதிப்பு. மூன்று பேர் போட்ட மார்க்கில் யாருக்காவது 15க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பெயரைப் பற்றி மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் ஒருவர் ஒரே ஒரு மேட்சைப் பார்த்துவிட்டுப் போட்டிருப்பார்.

சத்துவாச்சாரி செவன்ஸ்:

நேத்து ராத்திரியே போட்டோம். 1ஆவது ஆள் 88, 6ஆவது 79, 11ஆவது 74, 16ஆவது 70, 22ஆவது 66, 27ஆவது 63, 32ஆவது 61, 48ஆவது 55, 65ஆவது 50. அவங்க கேக்கற மாதிரி மாத்தினா, கழிச்ச பிறகு நாங்க வாங்கறது 38ம் 11ம், மொத்தம் 49. கொடுக்கறது 29ம் 24ம், மொத்தம் 53. 4 நஷ்டம். ஆனா பெரிய நஷ்டமா தெரியல.

காட்பாடி வலை:

தம்பி, மார்க் லிஸ்ட்ல கோல்கீப்பர் எத்தனை பேர்னு தனியா எழுதுங்க. செவன்ஸ் டிராஃப்ட்ல சறுக்கறது அங்கதான். ஃபார்வர்டு 25 பேர் இருப்பாங்க, 88 போனா 80, 80 போனா 76ன்னு படிப்படியா இறங்கும். கீப்பர்ல படியே கிடையாது, ரெண்டு மூணு பேர் தாண்டினா நேரா பள்ளம்.

இன்னொண்ணு, பாம்பு வரிசையில உங்க இடத்தை நல்லா பாருங்க. 6க்கும் 11க்கும் நடுவுல நாலு பிக் இருக்கு, 7, 8, 9, 10. ஆனா எடுக்கறது ரெண்டே டீம், 7ஆம் டீமும் 8ஆம் டீமும். அந்த ரெண்டு கேப்டனுக்கு என்ன தேவைன்னு தெரிஞ்சா 11ல யார் மிஞ்சுவாங்கன்னு கிட்டத்தட்ட சொல்லிடலாம். 11க்கும் 22க்கும் நடுவுல கதை வேற. அஞ்சு டீம் ஆளுக்கு ரெண்டு தடவை எடுக்கும், பத்து பேர் காலி. 1ஐ வாங்கிட்டு 11ஐ விட்டீங்கன்னா 2ல இருந்து 21 வரைக்கும் இருபது பேர் போறதைக் கை கட்டிப் பாத்துட்டு இருக்கணும். அந்த இருபது பேரும் உங்களுக்கு எதிரா ஆடப்போறவங்க.

ஒவ்வொரு டீமுக்கும் கேப்டன் யாரு, தக்கவெச்சது யாருன்னு கமிட்டி லிஸ்ட் போட்டிருக்கும். அதை வெச்சு யார்கிட்ட கீப்பர் இருக்கு, யார்கிட்ட இல்லன்னு எழுதி இங்க போடுங்க.

ஆற்காடு ரோடு:

இவ்வளவு கணக்குக்கு நடுவுல ஒண்ணை விட்டுட்டீங்க. என்எஃப்எல்ல ஒரு டீமுக்கு ஆட்டத்துல 11 பேர், அதுவும் தாக்கறதுக்கு ஒரு செட், தடுக்கறதுக்கு ஒரு செட். ஒருத்தர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் இருபத்திரண்டுல ஒண்ணு. செவன்ஸ்ல ஏழுல ஒண்ணு. பந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் கால்ல வரும். ஆள் குறையக் குறைய ஒத்தை ஆளோட எடை கூடும், அதனால 88க்கும் 79க்கும் உள்ள 9 மார்க் செவன்ஸ்ல 9ஐ விடப் பெருசு. இதுக்காகவே நான் ஏறச் சொல்வேன்.

ஆனா ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேட்டுக்கணும். முதல்ல, அந்த ஆள் எத்தனை மேட்சுக்கு வருவார்? சென்னையில வேலையா, ராணிப்பேட்டை சிப்காட்ல ஷிஃப்டா, ஆஸ்பத்திரி டூட்டியா, பரீட்சை முடிஞ்சதும் ஊருக்குக் கிளம்பற ஹாஸ்டல் பையனா? லீக் மேட்ச் மொத்தம் 7. அவர் 5க்குத்தான் வருவார்னா 38ஐ 7ஆல வகுத்து 5ஆல பெருக்குங்க, 27 வரும். உங்க 6ஆவது பிக் இப்பவே 29. அப்போ ஏறுறதுல அர்த்தமே இல்ல. அவர்கிட்டயே நேரா கேளுங்க, நாலு ஞாயித்துக்கிழமை தேதியையும் அனுப்பி ஒவ்வொண்ணா ஆமா இல்லன்னு வாங்குங்க. "வந்துடுவேண்ணா"ன்னு ஒரே வார்த்தையில சொன்னா அதைப் பதிலா எடுத்துக்காதீங்க.

ரெண்டாவது வெயில். 8 டீம்னா ஆளுக்கு 7 மேட்ச், நாலு ஞாயிறுல முடிக்கணும்னா மூணு ஞாயிறு ரெண்டு ரெண்டு மேட்ச். அக்னி நட்சத்திரத்துல வேலூர் 40 டிகிரிக்கு மேல போகும், சாயங்காலம் அஞ்சு மணிக்கும் தரையில சூடு அப்படியே நிக்கும். 20 நிமிஷம் 20 நிமிஷம் ஆடிட்டு ஒரு மணி நேரத்துல மறுபடி இறங்கினா, ரெண்டாவது மேட்ச் பிற்பாதியில 88 மார்க் ஆளும் 70க்குத்தான் ஓடுவார். அப்போ வெளியில உக்காந்திருக்கற மூணு பேர் யாருங்கறதுதான் மேட்ச். எத்தனை தடவை வேணும்னாலும் ஆளை மாத்திக்கற ரோலிங் மாத்து இருக்கற ஆட்டத்துல 8ஆவது, 9ஆவது ஆளை ஒப்புக்குன்னு நினைக்கக்கூடாது.

சத்துவாச்சாரி செவன்ஸ்:

எல்லாத்தையும் எழுதிட்டேன். ஃபார்வர்டு உள்ளூர்தான், நாலு ஞாயிறும் வர்றதா தேதி தேதியா சொல்லிட்டார். லிஸ்ட்ல சரியான கீப்பர் அஞ்சே பேர். மார்க் 78, 75, 73, அப்புறம் 60, 57. காட்பாடி அண்ணா சொன்ன பள்ளம் அப்படியே இருக்கு.

டீம் நிலவரம்: 1ஆம் டீம்ல கேப்டனும் தக்கவெச்சவரும் ரெண்டு பேரும் ஃபார்வர்டு, கீப்பர் இல்ல. 2ஆம் டீம் கேப்டனே கீப்பர், ஃபார்வர்டு இல்ல. 3ஆம் டீம்ல டிஃபென்ஸ், நடுக்களம். கீப்பரும் இல்ல, ஃபார்வர்டும் இல்ல. 4ல ஃபார்வர்டு இருக்கு, கீப்பர் இல்ல. 5ல கீப்பர் இருக்கு, ஃபார்வர்டு இல்ல. 7, 8 ரெண்டுலயும் கீப்பர் இல்ல.

11ஐ விடாம 6ம் 22ம் கொடுத்து 1ம் 32ம் கேட்டா என்ன? கழிச்சுப் பாத்தா கொடுக்கறது 45, வாங்கறது 49. எங்களுக்கு 4 லாபம் வருது.

கோட்டை அகழி:

இப்போது படம் முழுதாகத் தெரிகிறது. 1ஆம் டீம் ஏன் இறங்க நினைக்கிறது என்பதும் தெரிகிறது. அவர்களிடம் ஃபார்வர்டு இருவர் ஏற்கெனவே இருக்கிறார்கள். தேவை கீப்பர். முதல் பிக்கில் 78 மார்க் கீப்பரை எடுப்பது வீண் என்று நினைக்கிறார்கள். 6இல் எடுத்தால் அதே ஆள், கையில் கூடுதலாக 11. நல்ல கணக்குத்தான், அவர்களுக்கு.

உங்கள் மாற்று யோசனை எண்ணில் அழகாக இருக்கிறது, களத்தில் நிற்காது. கீப்பர் தேவைப்படும் டீம்கள் ஆறு: 1, 3, 4, 6, 7, 8. கீப்பர்கள் ஐந்து பேர், நல்லவர்கள் மூன்று பேர். நீங்கள் 1க்கு ஏறினால் 6ஆம் இடத்தில் உட்காருவது கீப்பருக்காக அலையும் டீம். அடுத்து 7, 8. ஆளுக்கு ஒருவர் எடுத்தால் மூன்று நல்ல கீப்பரும் உங்கள் 11க்கு முன்பே காலி. 3, 4 இரண்டும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

மொத்தமாகப் போட்டுப் பார்ப்போம், முதல் நான்கு ஆட்களுக்கு மட்டும். ஏறாமல் இருந்தால்: 6இல் கீப்பர் 78, 11இல் ஃபார்வர்டு 74, 22இல் 66, 27இல் 63. கூட்டினால் 281. 6க்கு முன்பே ஒரு கீப்பர் போய், உங்களுக்கு 75தான் கிடைத்தாலும் 278. உங்கள் மாற்று யோசனைப்படி ஏறினால்: 1இல் 88, 11இல் கீப்பர் 60, 27இல் 63, 32இல் 61. மொத்தம் 272. நல்ல கீப்பர் ஒருவர் எப்படியோ 11 வரை தங்கினால் 285. ஆனால் உங்களுக்கு முன்னால் ஐந்து டீம்கள் அவரைத் தாண்டிப் போக வேண்டும். அவர்கள் முதலில் கேட்டபடி 11ஐயும் கொடுத்தால் 22 வரை கீப்பர் இல்லை. மற்ற ஐந்து டீமும் ஐந்து கீப்பரையும் எடுத்து முடித்திருக்கலாம், டிஃபென்ஸ் ஆளுக்குக் கையுறை மாட்டி நிறுத்த வேண்டிவரும். 4 மார்க் நஷ்டம் என்று நீங்கள் எழுதியதில் இது இல்லை.

ஆற்காடு ரோடு நண்பர் சொன்ன ஏழில் ஒன்று என்ற வாதம் சரியானது. அதே ஏழில் ஒன்றுதான் கீப்பரும். 88க்கும் 74க்கும் இடையே 14. 78க்கும் 60க்கும் இடையே 18.

ஆகவே 1க்கு ஏற வேண்டாம். இறங்க விரும்பும் டீமிடம் கீப்பர் இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். உங்கள் 6ஐ யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதும் விலையில் சேர்ந்ததுதான்.

பாலாறு பத்து:

கீப்பர் கணக்கை நான் பாக்கல, ஒத்துக்கறேன். பட்டியலை மட்டும் வெச்சு சொன்னது தப்பு. ஆனா ஒரு வழி இன்னும் இருக்கு. முன்கூட்டியே ஏறாம, டிராஃப்ட் நடக்கும்போதே ஏறலாமே? அந்த 88 மார்க் ஃபார்வர்டை 1 எடுக்காது, 4க்குத் தேவையில்ல. ஃபார்வர்டு தேடறது 2, 3, 5. அவர் 5 வரைக்கும் வந்துட்டா, 5ஆம் டீம்கிட்ட 6ம் 27ம் கொடுத்து 5ம் 28ம் கேட்டா ஒரு இடம்தான வித்தியாசம்.

கோட்டை அகழி:

இது நல்ல யோசனை. ஆனால் விலை அதுவாக இருக்காது. 5ஆம் டீமுக்கும் ஃபார்வர்டு வேண்டும். கையில் வந்தவரை 27க்கும் 28க்கும் உள்ள வித்தியாசத்துக்கு விட மாட்டார்கள். அவர்கள் விடுவதாகச் சொன்னால் அவரை எடுக்கும் எண்ணமே இல்லை என்று பொருள். அப்போது எதுவும் கொடுக்காமல் 6இல் காத்திருந்தாலே போதும்.

2017இல் சிகாகோ பேர்ஸ் செய்தது இதுதான். 3ஆம் இடத்தில் இருந்தவர்கள் 2க்கு ஒரே ஒரு இடம் ஏற 3, 67, 111, அடுத்த ஆண்டின் மூன்றாவது ரவுண்டு என நான்கு பிக்கைக் கொடுத்து மிட்செல் ட்ரபிஸ்கியை எடுத்தார்கள். 2இல் இருந்த சான் ஃபிரான்சிஸ்கோ, 3ஆம் இடத்துக்கு இறங்கி எடுத்தது சாலமன் தாமஸ் என்ற தடுப்பாட்டக்காரரை. அதே டிராஃப்டில் கேன்சஸ் சிட்டி 27லிருந்து 10க்கு ஏறி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. ஏறுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் ஏறாவிட்டால், எனக்கு முன்னால் இருப்பவர் அந்த ஆளை உண்மையிலேயே எடுப்பாரா?

உங்கள் 88 மார்க் ஃபார்வர்டு தானாக 6க்கு வந்துவிட்டால் அங்கேயும் ஒரு நொடி நின்று, முன்னே போனவர்களில் எத்தனை கீப்பர் என்று எண்ணுங்கள். நல்ல கீப்பர் மூவரும் போயிருந்தால் யோசிக்காமல் 88ஐ எடுங்கள். ஒருவரும் போகவில்லை என்றாலும் 88தான். 7, 8 ஆளுக்கு ஒருவர் எடுத்தாலும் 11இல் 73 நிற்பார். அவர்களில் ஒருவர் இரண்டு கீப்பர் எடுக்கப்போவதில்லை. இரண்டு பேர் போய் ஒருவர் மிஞ்சியிருந்தால், 88உம் 60உம் சேர்ந்தால் 148, 73உம் 74உம் சேர்ந்தால் 147. சமம்தான், அப்போதும் 88ஐ எடுங்கள். ஒருவர் மட்டும் போயிருந்தால் 7உம் 8உம் மீதி இருவரை எடுத்துவிடுவார்கள். அங்கே 75 கீப்பரும் 74 ஃபார்வர்டும் சேர்ந்து 149. ஒரு மார்க் வித்தியாசத்தை நம்பி முடிவு செய்ய முடியாது, உங்கள் டிஃபென்ஸ் எவ்வளவு கெட்டி என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

காட்பாடி வலை:

78, 75, 73ங்கற மார்க்கை எப்படிப் போட்டீங்கன்னு தெரியல. சனிக்கிழமைக்குள்ள மூணு பேரையும் ஒரு தடவை நேர்ல பாத்துடுங்க, பிராக்டிஸ்ல போதும். கட்டாந்தரையில பந்து எகிறும். நேரா கைக்கு வர்ற ஷாட்டை வெச்சு மார்க் போடாதீங்க. கீப்பருக்கு ஒரு கஜம் முன்னாடி குத்தி வர்ற மாதிரி பத்து பந்து அடிக்கச் சொல்லி, எத்தனையைப் பிடிக்கறார், எத்தனையைத் தட்டி முன்னாடியே விடறார்னு எண்ணுங்க. முன்னாடி விழற பந்து செவன்ஸ்ல பாதி கோல். அப்புறம் பிடிச்சதும் எவ்வளவு சீக்கிரம் கையால எறியறார்னு பாருங்க. உங்க கேப்டன் நடுக்களத்துல இருக்கறதால அந்த எறிதான் உங்க தாக்குதலோட முதல் பாஸ். உருட்டி விடறவரையும், ஓடற ஆள் காலுக்கு முன்னாடி போடறவரையும் தனித்தனியா எழுதுங்க.

1ஆம் டீமுக்கு பதில் சொல்றப்போ வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க, காரணம் கீப்பர்னு சொல்லிடாதீங்க. அவங்க 1லயே 78 கீப்பரை எடுத்துடுவாங்க. ஏதாவது மாத்து பண்றதா இருந்தா எந்த பிக்குக்கு எந்த பிக்குன்னு நம்பரோட கமிட்டி குரூப்ல எழுதி, ரெண்டு கேப்டனும் சரின்னு போட்ட பிறகுதான் அது மாத்து. கொடுக்கற எண்ணிக்கையும் வாங்கற எண்ணிக்கையும் சமமா இருக்கணும், இல்லன்னா கடைசி ரவுண்டுல ஒரு டீமுக்கு 9 பேர், இன்னொண்ணுக்கு 11 பேர்னு நிக்கும். எடுத்த ஆள் லீகுக்கு முன்னாடி அடிபட்டா மாத்து ஆள் யார்கிட்ட இருந்து வரும்னு விதியில இருக்கான்னும் டிராஃப்டுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.

சத்துவாச்சாரி செவன்ஸ்:

நன்றி அண்ணா, எல்லாருக்கும். 1ஆம் டீமுக்கு வேண்டாம்னு சொல்லிடறோம். கீப்பர் மூணு பேரையும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிராக்டிஸுக்குக் கூப்பிடறோம். கோட்டை அகழி சார் சொன்ன கணக்கை, முன்னே எத்தனை கீப்பர் போனா என்ன எடுக்கணும்ங்கறதை, ஒரு அட்டையில நாலு வரியா எழுதி டேபிள்ல வெச்சுக்கறோம்.